பசி திரும்பி வந்த தவக்காலம்

எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்த வருஷத்தில்தான் என் கணவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். அது 2008. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற தெரு ஒன்றில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் மீன்பிடி போட்டுகளுக்கு இன்ஜின் ரிப்பேர் செய்பவர். எங்களோடு அவருடைய அம்மா, என் அத்தை, இருந்தார்கள்.

அதுவரை அடுப்படி அத்தையின் கையில்தான் இருந்தது. எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விதிகளைச் சொல்லி அனுப்பினார்கள். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் குறையும். உப்பும் குறைவாகத்தான் போட வேண்டும். இளநீர், வாழைப்பழம் பக்கமே போகக் கூடாது. அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். தண்ணீரைக் கொட்டுகிற விஷயம் வந்ததும் எழுந்துவிட்டார்கள்.

"காய வேவவெச்சி தண்ணியக் கொட்றதா? சத்து பூரா சாக்கடைக்கா போவும்? அந்தப் பாவத்த என் கையால பண்ண மாட்டேம்மா. வேற யாராவது பண்ணிக்குங்க."

அந்த வேற யாராவதுதான் என் கணவர். இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிற கையால் அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். ஒருமுறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்னால் இவர் இரண்டு முறை கொட்டினார். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், இவர் மிளகாயையும் புளியையும் தாளிப்பையும் சேர்த்தே குறைத்துவிட்டார். எதில் என்ன ஆபத்து இருக்கிறதோ என்ற பயம் அவருக்கு. தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்று இன்ஜினைப் பார்ப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என்னால்தான் சாப்பிட முடியவில்லை. இரண்டு வாய் போட்டதும் கழுத்துவரை நிரம்பிவிட்டது மாதிரி இருக்கும். வாயில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி. காலையில் பல் தேய்க்கப் போனால் குமட்டும். மேல்வயிற்றில் ஒரு எரிச்சல். இதற்கு நடுவே விக்கல் வேறு. பிதாகரஸ் தேற்றத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது, கர்ணத்தின் வர்க்கம் என்று சொல்லி அடுத்த வார்த்தைக்கு வாய் திறந்தால் விக்கல் வந்து நிற்கும். முன் பெஞ்சுப் பெண்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். ஒருத்தி எழுந்து, "டீச்சர், உங்கள யாரோ ரொம்ப நெனைக்கிறாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். விக்கல் மட்டும் நிற்கவில்லை.

"நான் செய்யிறது புடிக்கலன்னா சொல்லிடு" என்றார் கணவர் ஒரு நாள், மீந்த தட்டை எடுத்தபடி.

"அதெல்லாம் இல்லீங்க. கிட்னி போனா இப்படித்தான் இருக்குமாம். நீங்க என்ன செஞ்சிக் குடுத்தாலும் எறங்காது."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் நம்பவில்லை. மறுநாள் வேறு காய், வேறு விதமாக நறுக்கி, அதே மாதிரி வேகவைத்துக் கொடுத்தார்.

கிட்னிதான் காரணம் என்று நான் சொன்னது சும்மா சமாதானத்துக்காக இல்லை, நானே அதை முழுசாக நம்பினேன். ரத்தத்தில் கழிவு சேர்ந்தால் குமட்டும், பசி போகும், விக்கல் வரும் என்று ஆரம்பத்திலேயே கிட்னி டாக்டர் விளக்கியிருந்தார். அவர் வாந்திக்கு மாத்திரை கொடுத்தார், டயாலிசிஸ் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியும் பார்த்தார். சில வாரம் தேவலை போலிருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். உடம்பில் ஒரு பெரிய வியாதி வந்துவிட்டால் சின்னச் சின்னத் தொந்தரவு எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். தலைவலியா, கிட்னி. தூக்கம் வரவில்லையா, கிட்னி. அத்தைக்கு என் செருப்பு அறுந்ததுகூடக் கிட்னியால்தான்.

டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் சிதம்பரம் போக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரத்து இடம் எனக்கு, கையில் பிளாஸ்டிக் பையோடு. ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்பங்காற்று முகத்தில் அடிக்கும், குமட்டல் சற்று அடங்கும். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி. ஐம்பது வயது இருக்கும். நல்ல பருத்த மனிதர். மெஷினில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் அவருக்கு வாய் ஓட ஆரம்பித்துவிடும். பேச்சு முழுக்கச் சாப்பாடுதான்.

"டீச்சர், நேத்து வீராணத்து வெரால் மீனு. எங்க வூட்ல சின்ன வெங்காயத்தப் போட்டு வெச்சிருந்தா பாருங்க. ரெண்டே ரெண்டு துண்டு, ஜாஸ்தி தின்னக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல? அந்த ரெண்டு துண்ட அரமணி நேரம் தின்னேன்."

எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் விட மாட்டார். அடுத்த முறை நண்டு, அதற்கடுத்த முறை முட்டைப் பணியாரம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எப்படிங்க பசிக்குது?"

"என்னா டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? வயிறுன்னு ஒண்ணு இருந்தா பசிக்காதா?"

"எனக்குப் பசிச்சு ஒரு வருஷம் ஆச்சு. கிட்னி போனா பசிக்காதுன்னாங்களே."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "எனக்குந்தான் கிட்னி போச்சு. உங்களுக்கு முன்னாடியே போச்சு. நான் திங்கிறனே?"

அவர் சொன்னதைவிட அவர் குரலில் இருந்த ஆச்சரியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருஷம் கணக்கு நடத்தியவள் நான். ஒரே காரணம் இரண்டு பேரிடமும் இருந்து, விளைவு ஒருத்தரிடம் மட்டும் இருந்தால், வேறு காரணமும் இருக்க வேண்டும் என்பது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? அன்றைக்குக் கிட்னி டாக்டர் வார்டுக்கு வந்ததும் அப்படியே கேட்டேன்.

அவர் என் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். "ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டும்மா. ஆனா உங்களுக்கு இன்னொரு விஷயம் எனக்கு இடிச்சிக்கிட்டே இருக்கு. ரத்தம் ஊற ஊசி போடுறோம், ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது. மலம் எப்படிப் போகுது?"

"கறுப்பாத்தான் சார் போகுது. அயர்ன் மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்னு சொன்னாங்க."

"அதனாலயும் இருக்கலாம். வயித்துல எங்கயாவது ரத்தம் கசிஞ்சாலும் அப்படித்தான் இருக்கும். குழாய் விட்டு வயித்தப் பாத்துடலாம்."

பக்கத்துக் கட்டிலில் விவசாயி கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்திருந்தார். டாக்டர் நகர்ந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார். "குழாயா? வாய் வழியாவா? நல்லவேள டீச்சர், எனக்குப் பசிக்குது."

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் எண்டோஸ்கோபிக்கு வரச் சொன்னார்கள். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து விடுவார்கள், அந்த நாளில் வயிற்றுக்குள் கை வைப்பது நல்லதில்லையாம். வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்துப் போனோம். வயிற்று டாக்டர் ஒரு இளம் பெண், என்னிடம் படித்த பெண்களின் வயதுதான் இருக்கும். தொண்டையில் மருந்தடித்து மரத்துப்போக வைத்தார்கள். இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். எச்சில் வழிய, கண்ணில் தண்ணீர் வர, நான் அந்த வளையத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வேறு நேரமாக இருந்தால் அவமானமாக இருந்திருக்கும். அன்று எனக்கு ஒரே ஆவல். குழாய் காட்டுகிற படம் ஓடிய டிவியை ஓரக்கண்ணால் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக என் வயிறு தெரிந்தது. அவ்வளவு தொல்லை கொடுத்த இடம் பார்க்க அழகாகவே இருந்தது.

டாக்டர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "இதோ, சின்ன புண்ணு. லேசாக் கசியுது. பயப்படாதீங்க." கம்பி நுனியால் வயிற்றுச் சதையில் ஒரு பொட்டு கிள்ளி எடுத்து, மஞ்சள் திரவம் இருந்த சின்ன பாட்டிலுக்குள் போட்டார்.

குழாயை எடுத்து, நான் எழுந்து உட்கார்ந்து, கணவரை உள்ளே கூப்பிட்டபோது அந்தப் பாட்டிலை எங்களிடம் காட்டினார். மஞ்சள் மெல்ல மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"கலர் மாறுதா? அப்படின்னா வயித்துல கிருமி இருக்குன்னு அர்த்தம். அதுதான் புண்ணுக்கும் காரணமா இருக்கும்."

"கிருமியா?" என்றார் கணவர். "அப்ப கிட்னி இல்லியா?"

"கிட்னியும் உண்டு சார். இவங்களுக்கு இருக்கிற குமட்டல்ல கிட்னி பங்கு எவ்வளவு, கிருமி பங்கு எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கிருமி பங்குக்கு மருந்து இருக்கு. ரெண்டு வாரம் சாப்பிடணும். கிட்னி பேஷண்ட்ங்கிறதால டோஸக் குறைச்சுத் தர்றேன்."

கணவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டார். "டாக்டர், நான் சமைக்கிறதால இது வரல இல்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இல்ல சார். இது முக்கால்வாசி சின்ன வயசுலயே வர்றது. நம்ம ஊர்ல நெறய பேர் வயித்துல இருக்கு, பல பேருக்கு ஒண்ணும் பண்றதில்ல. உங்க சமையல் மேல ஒரு குத்தமும் இல்ல."

பஸ்ஸில் திரும்பும்போது அவர் இரண்டு முறை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சமையல் மேல ஒரு குத்தமும் இல்லியாம்."

அத்தைக்குத்தான் செய்தி பிடிக்கவில்லை. "நம்ம வூட்லயா கிருமி?" என்று எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தார்கள். டம்ளர்கள் எல்லாம் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீரைக் கொட்ட மாட்டேன் என்றவர்கள் இப்போது குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, துணியில் வடிகட்டி, அதன் பிறகும் சந்தேகத்தோடு மோந்து பார்த்தார்கள்.

மருந்து சாப்பிட்ட இரண்டு வாரமும் கொடுமை. வாய் வேப்பங்காயாகக் கசந்தது, வயிறு இளகிப் போனது. அது முடிகிற சமயத்தில் சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் ஈஸ்டர் வரைக்கும் மீன், முட்டை, கறி எதுவும் உள்ளே வராது. மீன் சாப்பிடத் தடையில்லை என்று கோயிலில் சொன்னாலும் அத்தை தன் கணக்கில் அதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் எதுவுமே வேண்டாமே.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியட். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்துகொண்டிருந்தேன். வயிற்றுக்குள் என்னவோ உருண்டது. கர்ரென்று ஒரு சத்தம், முன் பெஞ்சுவரை கேட்டிருக்கும். நான் பயந்துபோனேன். புண் உடைந்துவிட்டதா? மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? மணி அடித்ததும் ஆபீஸ் போனிலிருந்து கணவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, வயித்துல என்னமோ பண்ணுது."

பத்தே நிமிஷத்தில் துறைமுகத்திலிருந்து கிரீஸ் கையோடு மொபெட்டில் வந்து இறங்கினார். என்னைப் பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்.

"வலியா?"

"வலி இல்ல."

"கொமட்டுதா?"

"இல்ல."

"எரியுதா?"

"இல்லீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உள்ள காலியா இருக்கு. உருட்டுது. கை கொஞ்சம் நடுங்குது. எதையாவது…"

"எதையாவது?"

"எதையாவது கடிக்கணும் போல இருக்கு."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கிரீஸ் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டு, மரத்தடியில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏய், அது பசிடி!"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பசியை அடையாளம் தெரியாமல் போகுமா என்று யாராவது கேட்டால், போகும் என்று நான் சாட்சி சொல்வேன். அங்கேயே டப்பாவைத் திறந்தேன். அவர் காலையில் கட்டிக் கொடுத்த சோறும் சுரைக்காய்க் கூட்டும். அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். முழு டப்பாவும் காலி. அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்ட முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கவளத்தை விழுங்கிய பிறகுதான் நாக்கு வேலை செய்ய ஆரம்பித்திருப்பது தெரிந்தது. துருப்பிடித்த ஆணி ருசி பெரும்பாலும் போயிருந்தது. அந்த இடத்தில் சுரைக்காய்க் கூட்டின் உண்மையான ருசி வந்து உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

ஒரு வருஷம் எனக்காகப் புகையில் நின்ற மனிதர். ஆனாலும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"என்னங்க, ரொம்ப மோசமா இருக்கு."

அவர் அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். "ருசி தெரியுதா? நெசமாவே தெரியுதா? எவ்ளோ மோசம்?"

"ஈரச் சாக்க மெல்ற மாதிரி."

"ஐயோ!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். சாயங்காலம் துறைமுகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சமையல் ஈரச்சாக்கு என்பது எங்கள் பகுதி முழுக்கத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் வாய் கொள்ளாமல் சிரிப்பு வரும். வீடே நோன்பு இருக்கையில் எனக்கு மட்டும் காலையிலும் பசி, பதினோரு மணிக்கும் பசி. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் புரதம் வேண்டும், முட்டை வெள்ளையும் மீனும் சாப்பிடச் சொல்லி டாக்டர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட முடிந்தபோது அது தவக்காலமாகப் போயிற்று. அத்தை தவித்துப் போனார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகப் போய் ஃபாதரைக் கேட்டார்கள்.

"ஃபாதர், மருமக முட்ட கேக்கறா. குடுத்தா பாவமா?"

"நோயாளிக்கு நோன்பு கெடையாதும்மா. குடுக்காம இருந்தாத்தான் பாவம்."

அத்தை வழியிலேயே கடையில் முட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் முதல் மகனை அடுப்படியிலிருந்து துரத்திவிட்டார்கள். "நீ தண்ணியக் கொட்டிக் குடு, அது போதும். மீதிய நான் பாத்துக்கறேன்." சாப்பாட்டு விஷயம் பார்க்கிற ஆஸ்பத்திரி அம்மாவிடம் நான் போய்க் கேட்டு வந்திருந்தேன். மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, தாளிப்பு எதற்கும் தடையில்லை, உப்பில்தான் கவனம் வேண்டும் என்றார். ஒரு வருஷமாக எனக்கு மறுக்கப்பட்டிருந்த கறிவேப்பிலை வாசம் மறுபடி எண்ணெயில் படபடத்தது. அடுத்த டயாலிசிஸ் நாளில் விவசாயி வாயைத் திறக்கும் முன்னால் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நேத்து எங்க வூட்ல கத்திரிக்கா கொத்சுங்க. உப்பு கம்மியா, பூண்டு தூக்கலா…"

"அடடா!" என்று அவர் தலையணையில் நிமிர்ந்தார். "சொல்லுங்க டீச்சர், மெதுவாச் சொல்லுங்க." மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் பேசினோம். நர்ஸ் வந்து, ஹோட்டலா ஆஸ்பத்திரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டயாலிசிஸுக்கு முந்தின நாள் வாயில் அந்த ருசி லேசாகத் தலைகாட்டும், கோடையில் தாகம் படுத்தும். அது கிட்னி பங்கு. அதோடு சேர்ந்து வாழப் பழகிக்கொண்டேன். ஆனால் மறு பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. புண் ஆறியது. ஹீமோகுளோபின் மெதுவாக ஏறியது, பள்ளியின் மாடிப்படியை நடுவில் நிற்காமல் ஏற ஆரம்பித்தேன். விக்கல் எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையில் ஒரு ஃபைபர் போட்டுக்கு இன்ஜின் மாட்டி முடித்திருந்தார். ஓட்டிப் பார்க்கப் போகிறோம், நீயும் வா என்றார். சுரபுன்னைக் காடுகளுக்கு நடுவே அந்தப் போட்டு வாய்க்காலில் வழுக்கிக்கொண்டு போனது. போட்டுக்காரர் வீட்டில் சுட்ட மீனும் சோறும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், வாழையிலையில் பிரித்து வைத்துக்கொண்டு தின்றேன். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனதும் அலை தூக்கித் தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் வயிறு புரட்டியது. போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தின்றதையெல்லாம் கடலில் வாந்தி எடுத்தேன்.

கணவர் முகத்தில் ரத்தமே வற்றிவிட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க! திரும்பிச் சிதம்பரத்துக்குப் போவணும்! திரும்பக் கிருமி வந்துடுச்சா? இல்ல கிட்னியா?"

நான் கடல் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன். போட்டுக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"பதறாதீங்க மச்சான்" என்றார் என் கணவரிடம். "மொதமொத கடலுக்கு வர்றவங்க எல்லாருந்தான் எடுப்பாங்க. எங்க மாமியார்கூட எடுத்தாங்க."

எல்லாரும் எடுக்கிற வாந்தி! எனக்கென்று தனியாக இல்லாத, எந்த வியாதியின் பெயரும் இல்லாத, போட்டில் ஏறிய யாருக்கும் வரக்கூடிய சாதாரண வாந்தி. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. கணவர் நம்பிக்கையில்லாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். போட்டு திரும்பிக் கரையைத் தொட்டதும், மணலில் கால் வைத்த கையோடு, மீதி மீன் இருக்கிறதா என்று கேட்டேன்.